வண்டியில் சத்து இருக்கிறது

அது 1998. ஆயுத பூஜை முடிந்து, பெங்களூரில் காலைக் குளிர் மெல்லப் பிடிக்க ஆரம்பித்திருந்த சமயம். தொம்மலூரில், ஏர்போர்ட் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் பழைய ஊர்ச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அண்ணன், அண்ணி, நான், மூன்றே பேர். நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். உலகத்தில் எந்த நட்டைக் கழற்றினாலும் திரும்ப மாட்டிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு திரிந்த வயது.

எங்கள் வீட்டு நாலாவது ஆள் ஒரு கார். என்னைவிட இரண்டு வயது மூத்தது. வெளிர் பச்சை. முன்சீட் இரண்டாகப் பிரியாமல் ஒரே பெஞ்சாக இருக்கும். கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே துருத்திக்கொண்டு நிற்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அண்ணன் அந்தக் காரில் ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். காலையில் நாலு பேரைக் கொண்டுபோய் விட்டு, பகலெல்லாம் அங்கேயே நிழலில் நிறுத்தி, சாயங்காலம் அதே நாலு பேரைத் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டும். எங்கள் வீட்டு அடுப்பும் என் படிப்பும் பெரும்பாலும் அந்த ட்ரிப்பை நம்பித்தான் இருந்தன.

அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதில் அவனுக்கு அக்கறை கிடையாது. அது என் ராஜ்யம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அண்ணியின் வேலை. விடிவதற்குள் எழுந்து, வண்டியைத் துடைத்து, பானெட்டைத் திறந்து சொம்பால் தண்ணீர் ஊற்றி, ஊதுபத்தி காட்டி அனுப்புவார். சாயங்காலம் வண்டி வந்ததும் இன்னொரு சொம்பு. குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னைவிட மூன்றே வயது மூத்தவர்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். "மேடம் இன்னிக்குக் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்கடா. வண்டில சத்து இருக்காம்."

மேடம் என்பது இந்திராநகரில் ஏறும் கன்னடப் பெண்மணி. கன்னடத்தில் சத்தத்துக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வார்கள், நடு எழுத்தை மட்டும் மென்மையாக உச்சரிப்பார்கள். எங்கள் அண்ணன் வாயில் அது நம் ஊர்ச் சத்தாகவே வந்து விழுந்தது.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "சத்து இருந்தா நல்லதுதானே? இதுக்குப் போயா கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க?"

அண்ணனும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அர்த்தம் சொன்னதும் அண்ணியும் சிரித்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்குச் சத்து என்றே பெயராகிவிட்டது. "இன்னிக்குச் சத்து இருந்துச்சா?" என்று அண்ணி கேட்பார். "ஃபுல் சத்து" என்பான் அண்ணன்.

மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ட்ரிப்பில் நானும் ஏறிக்கொண்டேன். வண்டி நாற்பதைத் தாண்டியதும் ஆரம்பித்தது. டிக் டிக் டிக் டிக். ஐம்பதைத் தொட்டால் மூச்சுவிடாமல் அடிக்கும், முப்பதுக்கு இறங்கினால் காணாமல் போகும். இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து வருகிறது என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பொம்மனஹள்ளி வருவதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

"டேப்பட்ணா. சந்தேகமே இல்ல."

இன்ஜினின் மேல்மூடிக்குக் கீழே வால்வுகளைத் தட்டித் திறக்கும் சின்னச் சின்னக் கைகள் இருக்கும். கைக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். அது அதிகமானால் டிக் டிக். அதற்கு மருந்து, இடைவெளியைக் குறைப்பது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, போன செமஸ்டரில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வேறு வாங்கியிருந்தேன்.

அன்று சாயங்காலமே பானெட்டைத் திறந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மேல்மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்து டாக்டர் மாதிரி கேட்டேன். தலைக்கு மேலே ஏர்போர்ட்டில் இறங்கும் விமானம் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, அது போனபிறகு மறுபடி கேட்டேன். சத்தமே இல்லை. இருந்தாலும் விடுவேனா? ரோட்டில் சூடேறினால்தான் வரும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தான். "ஃபுல் சத்து."

இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சத்தம் அசைந்து கொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வேகம், வெயிலா மழையா, எத்தனை பேர், சத்தம் உண்டா இல்லையா என்று கோடு கிழித்து எழுதினேன். ரோட்டில் உண்டு, வீட்டில் இல்லை. திங்கள் முதல் சனி வரை உண்டு, ஞாயிறு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் அண்ணனுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "வண்டி கல்லு மாதிரி கீது. உங்க ரெண்டு பேர் காதையும் யார்கிட்டயாச்சும் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த மெக்கானிக் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆள் ஏறினால் பாரம், பாரம் ஏறினால் சத்தம் என்று அடுத்த கண்டுபிடிப்புக்குத் தாவினேன். அடுத்த ஞாயிறு என்னோடு கிரிக்கெட் ஆடும் நாலு தடியன்களை ஏற்றிக்கொண்டு, அண்ணன் ஓட்ட, ஹோசூர் ரோட்டில் போனோம். சத்தமில்லை. "மச்சி, இன்னும் நாலு பேர் வேணுமா, என் மாமாவைக் கூப்பிடட்டுமா?" என்று பின்சீட்டில் கூத்தடித்தார்கள். திரும்பி வந்ததும் நோட்டில் கோபமாக எழுதினேன்: ஞாயிறு இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த வருட ஆயுத பூஜையன்று அண்ணி காரின் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோர்த்துக் கட்டி, பம்பரில் ஒரு கறுப்புக் கயிறும் சுற்றியிருந்தார். சந்தில் பத்துப் பேர் கூடி நின்றபோது நான் பிளேடால் அதை அறுத்தேன். "எலுமிச்சம்பழத்துல ஆசிட் இருக்கு அண்ணி, பம்பர் துருப்பிடிச்சுடும். திருஷ்டி போகுதோ இல்லையோ, பெயின்ட் போயிடும்" என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சத்தமாகவே சிரித்தான். அண்ணியும் சிரித்தபடிதான் உள்ளே போனார். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை அவரே வந்து வண்டியில் உட்கார்ந்து பார்ப்பாராம். சத்தம் இருந்தால் வேறு வண்டி வைத்துக்கொள்வார்களாம்.

அண்ணன் அன்று சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தான். பிறகு என்னைப் பார்த்தான். "டேய், உன்னைத்தான் நம்பிட்டிருக்கேன்."

ஞாயிறு முழுக்க வண்டியைத் திறந்துபோட்டேன். அணு அளவு சத்தம்கூட வரக்கூடாது என்று இடைவெளியைக் கிட்டத்தட்ட இல்லாமலே செய்துவிட்டேன். ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறாக இருந்தும் சாயங்காலம் அண்ணி சொம்போடு வந்து பக்கத்தில் நின்றார். ஊற்றாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"தம்பி, அந்தச் சத்தம் உள்ளேருந்துதான் வருதா? மேலேருந்து எதுனா...?"

"மேலேருந்துதான் அண்ணி. டேப்பட்."

"இல்ல, மூடிக்கு வெளிய எதுனா பட்டு..."

"அண்ணி, இது உங்களுக்குப் புரியாது. நூறு சதவீதம் டேப்பட்."

"சும்மாத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் ஊற்றவே இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவும் இல்லை.

திங்கள் காலை நாலு முறை இழுத்தபிறகுதான் வண்டி உயிர் பெற்றது. அன்று ஒருவர் லீவு. பின்னால் மேடமும் இரண்டு பேரும். முன்பெஞ்சில் அண்ணன், நடுவில் நோட்டோடும் டூல் பையோடும் நான், ஜன்னலோரம் அந்த அதிகாரி. நரைத்த மீசை, மடியில் டிபன் கேரியர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

கோரமங்களா வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வண்டியில் இழுவையே இல்லை. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏதோ அழுதுகொண்டே நகர்ந்தது. மடிவாளா தாண்டி ஒரு வழியாக நாற்பதைத் தொட்டதும்...

டிக் டிக் டிக் டிக்.

"ஹா, இதே!" என்றார் மேடம் பின்னாலிருந்து, ஏதோ சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொம்மனஹள்ளி நெருங்கும்போது வண்டி இரண்டு முறை குலுங்கி, புகைக்குழாயில் பட்டென்று வெடித்து, ரோட்டோரமாகப் போய் நின்றுவிட்டது.

நான் குதித்து ஓடிப் பானெட்டைத் தூக்கினேன். முதல்முறையாக, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், சாயங்காலம் வரை காத்திருக்காமல், ட்ரிப்பின் நடுவில்.

இன்ஜினின் மேலே வட்டமாக இருக்கும் ஏர் கிளீனரின் திருகில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அதன் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செப்புத் தாயத்து. அது தொங்கி, வேகத்தில் வண்டி அதிர்ந்தால் தட்டும்படி, இன்ஜின் மேல்மூடியின் தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. மூடியில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய், பொட்டு வைத்தது போலப் பளபளத்தது. விரலால் சுண்டிப் பார்த்தேன். டிக்.

அண்ணனும் அதிகாரியும் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அண்ணன் கயிற்றைப் பார்த்த கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அவ வேலைதான்" என்றான் மெதுவாக. கயிற்றை அறுக்கவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, தாயத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான்.

அதிகாரி குனிந்து மூடியில் இருந்த பளபளப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நம்ம ஸ்கூட்டர்லயும் ஒண்ணு இருக்கப்பா. மனேல, வீட்ல, கட்டினது. ஆனா அது பேசாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அடுத்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சரி, சத்துக்குக் காரணம் சிக்கிது. வண்டி ஏன் நின்னுச்சு? இதும் இந்த தாயத்தாலயா?"

ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். தாயத்து ஏதோ கம்பியில் சிக்கியது என்று ஒரு கதை விட்டிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அண்ணனும் நம்பியிருப்பான். பழி முழுக்க அந்தச் செப்புத் துண்டோடு, அதைக் கட்டிய கையோடு போயிருக்கும். என் இன்ஜினியரிங்குக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. வாய்வரைக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை.

"இல்ல சார். வண்டி நின்னது என்னாலதான்."

ஆறு வாரமாக இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததைச் சொன்னேன். இடைவெளியைக் குறைத்துக் குறைத்து வால்வு சரியாக மூடவே வழியில்லாமல் செய்துவிட்டதை, அதனால்தான் இழுவை போய்விட்டதை, வண்டி நல்ல வண்டிதான் என்பதைச் சொன்னேன். "எங்கண்ணனுக்கு இதுல எதுவும் தெரியாது சார்."

சத்தத்தைத் தேடப்போய் வண்டியிலிருந்த சத்தை நான் எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டு ஜோக் ரோட்டோரத்தில் வந்து என் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

மேடமும் மற்றவர்களும் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். அதிகாரி போகவில்லை. "எஷ்டு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். இன்ஜின் ஆற வேண்டும், முக்கால் மணி என்றேன். என் நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். நான் மூடியைக் கழற்றி, அளவுத்தகட்டை நுழைத்து நுழைத்து, புத்தகத்தில் சொன்ன இடைவெளியைத் திரும்ப வைத்தேன். அவசரத்தில் விரலில் இரண்டு இடத்தில் சூடு பட்டது. நடுவில் அவர் நோட்டைப் படித்துத் தனக்குத்தானே சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏனப்பா இன்ஜினியரு, ஞாயிறு சத்து இல்ல, ஞாயிறு சத்து இல்லன்னு நீயே நாலு தடவ எழுதிட்டே. ஞாயித்துக்கிழமை யார் யாருக்கு லீவுன்னு யோசிக்கலயா? வண்டிக்கு பூஜை பண்றவங்களுக்கும் லீவுதானே?"

விடை என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. பாரம், வேகம், வெயில் என்று எல்லாவற்றுக்கும் கோடு கிழித்தவன், தினமும் இரண்டு முறை அந்தப் பானெட்டைத் திறக்கும் ஆளுக்கு ஒரு கோடு கிழிக்கவில்லை.

மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். முதல் இழுப்பிலேயே பிடித்தது. எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஐம்பதில் போனோம். ஒரு சத்தமில்லை. கேட்டில் இறங்கும்போது அதிகாரி அண்ணனின் தோளைத் தட்டினார். "வண்டி ஓகே. தம்பிய மட்டும் ஸ்வல்ப தூரத்துல வெச்சுக்கோ."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி சொம்போடு வாசலில் நின்றிருந்தார். அண்ணன் தாயத்தை எடுத்து நீட்டினான். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "ட்ரிப்பு போயிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"போகல. இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் முகம் கழுவப் போய்விட்டான். நான் மட்டும் நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா சிரிப்பீங்க."

அண்ணி சொம்பைக் கீழே வைத்தார்.

"நேத்து எனக்கே சந்தேகம் வந்துச்சு தம்பி. இது பட்டுத்தான் சத்தம் வருதோன்னு. அதான் கேட்டேன். நீங்க நூறு சதவீதம் டேப்பட்டுன்னீங்க. படிச்சவரு சொல்றாரு, அப்போ இது இல்லன்னு நினைச்சுட்டேன். இன்னிக்குப் பெரிய அதிகாரி வர்ற நாளாச்சே, அவிழ்க்கவும் மனசு வரல."

பிறகு, அண்ணன் காதில் விழாமல், மற்றதையும் சொன்னார். அப்போதெல்லாம் அண்ணன் ஆபீஸ் ட்ரிப்புக்கு முன்னால் அதிகாலை ஏர்போர்ட் சவாரியும் ஓட்டிக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் ஹோசூர் ரோட்டில் ஸ்டீயரிங்கில் ஒரு நொடி கண் அசந்துவிட்டானாம். லாரி ஹாரன் அடித்துத்தான் விழித்தானாம். தம்பிக்குத் தெரிந்தால் படிப்பை விட்டுவிடுகிறேன் என்பான், சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அண்ணி வேறு யாரிடம் போவார்? பக்கத்து வீட்டு அக்காவோடு சிவாஜிநகர் பக்கம் ஒரு தர்காவுக்குப் போய் மந்திரித்து வாங்கிவந்து, காலையில் தண்ணீர் ஊற்றும்போது கட்டி, சாயங்காலம் நான் பார்ப்பதற்குள் அவிழ்த்துப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு வாரம், ட்ரிப் உள்ள ஒரு நாள் தவறாமல்.

அந்த வீட்டில் உண்மையாகவே கவனிக்கவேண்டிய ஒரு சத்தம் இருந்தது. அதைக் கேட்ட ஒரே காது அண்ணியுடையது. நான் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு தகரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நானும் எழுந்தேன். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, தாயத்தை அதற்குள் சுருட்டி வைத்து, எதிலும் படாத ஒரு இடமாகப் பார்த்துக் கட்டினேன். அண்ணி டார்ச் பிடித்தார். "ஆசிட் எதுவும் இல்லையே தம்பி?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே காட்டாமல். ஆயுத பூஜைக்கான வட்டி அது. வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் அண்ணன் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். "அந்த டிக் டிக் இருந்த வரைக்கும் எனக்குத் தூக்கமே வரலடா. இப்போ வண்டி தாலாட்டுது." அவன் ஜோக்காகத்தான் சொன்னான். அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த மாதம் நான் லைசென்ஸ் எடுத்தேன். ஏர்போர்ட் சவாரி எனக்கு, ஆபீஸ் ட்ரிப் அண்ணனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். படிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்தக் கார் இப்போது இல்லை. ஹோசூர் ரோட்டில் அந்த இடத்தை இன்று அடையாளம் சொல்லக்கூட முடியாது. நான் வேலை பார்ப்பது, வேடிக்கையாகத்தான் இருக்கிறது, வண்டிகளின் சத்தத்தை அளக்கும் ஒரு பிரிவில். மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று சொல்லவேண்டும். யாராவது பழைய காரைக் கொண்டுவந்து இன்ஜினில் ஏதோ சத்தம் என்றால், பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த வண்டியை வீட்டில் தினமும் தொடுகிறவர் யார் என்பதுதான். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியை வண்டிக்காக மட்டும் நான் கேட்பதில்லை. சொன்னால் சிரிப்பான் என்று என் வீட்டிலேயே ஒருவர் ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாரே, அப்படி வாயை மூடவைக்கும் ஆளாக நான் இன்னொரு முறை ஆகிவிடக்கூடாது என்பதற்காகவும்தான் கேட்கிறேன்.